ட்ரோன் பறக்குது... மனசு பறக்கலையே!

ஆசை ஆசையாக ஆரம்பித்த தொழில் அலுத்துப்போனால் என்ன செய்வது? ட்ரோன் கேமரா வைத்துப் பிழைப்பவர்களுக்கும், பிடித்த விஷயத்தையே தொழிலாக்கிக்கொண்ட எல்லோருக்கும் சில யோசனைகள்.

முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்து வாசலுக்கு வருகிறார்கள். 'உய்ய்ங்...' என்று ஒரு சத்தம். பாட்டி முதல் பேரன் வரை அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். "ஹெலிகேம்டா!" என்று பிள்ளைகள் கையை ஆட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் முகத்தில் மட்டும் எந்த வியப்பும் இல்லை. ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் ட்ரோன் ஆபரேட்டர்தான் அவர்.

அவருக்கு அது அந்த மாதத்தில் பதினோராவது கல்யாணம். மண்டபத்துக்கு மேலே ஒரு டாப் ஷாட், அலங்காரம் செய்த காரோடு ஒரு ஷாட், ஜோடி நடந்து வரும்போது பின்னால் போய் உயரே ஏறும் ஒரு ஷாட். பதினொன்றிலும் அதே மூன்று. இதை முடித்துவிட்டு எடிட்டிங்கில் உட்கார வேண்டும். போன மாதம் எடுத்த இரண்டு கல்யாணங்களுக்குப் பணம் வரவில்லை. ட்ரோன் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை இருக்கிறது. முதன்முதலாக ட்ரோனை மேலே ஏற்றிய அன்று, தன் ஊரைத் தானே மேலிருந்து பார்த்துக் கைதட்டியவர்தான் இவரும். அந்த மனுஷன் எங்கே போனார்?

இந்தக் கேள்வி ட்ரோன்காரர்களுக்கு மட்டுமானது இல்லை. கேக் செய்யப் பிடித்து பேக்கரி ஆரம்பித்தவர், வரையப் பிடித்து மெஹந்தி தொழிலுக்கு வந்தவர், பாட்டுப் பிடித்து மேடைக் கச்சேரிக்குப் போனவர் எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். ட்ரோன் தொழிலில் அது சீக்கிரமே வந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

விளையாட்டாக ஆரம்பித்த கலை

மேலிருந்து பார்க்கும் ஆசை மனிதனுக்கு நேற்று வந்ததல்ல. 1858-ல் பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர் நாடார் (நம் ஊர்ப் பெயர்போல இருந்தாலும் அது அவருடைய புனைபெயர்) ஒரு பெரிய பலூனில் ஏறிப்போய், வானிலிருந்து படம் எடுத்தார். பலூனுக்குள்ளேயே இருட்டறை அமைத்துப் படத்தைக் கழுவ வேண்டியிருந்த காலம் அது. 

அதைவிட வேடிக்கை, ஜெர்மனியின் ஜூலியஸ் நொய்ப்ரோனரின் கதை. அவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவசர மருந்துகளைப் புறாக்களின் மூலம் அனுப்பிவந்தவர், புறாவின் மார்பில் ஒரு குட்டி கேமராவைக் கட்டிவிட்டால் என்ன என்று யோசித்தார். சில பத்து கிராம் எடையில், தானாகவே படம் எடுக்கும் கேமராவைச் செய்து, 1908-ல் காப்புரிமையும் பெற்றார். அந்தப் படங்கள் சிலவற்றின் ஓரத்தில் புறாவின் சிறகும் தெரியும்!

சாமானியர் கையில் பறக்கும் கேமரா பரவலாக வந்துசேர்ந்தது, 2013-ல் சீனாவின் டிஜேஐ நிறுவனம் 'ஃபேன்டம்' ட்ரோனை வெளியிட்ட பிறகுதான். அதற்கு முன்பு மேலிருந்து ஒரு காட்சி வேண்டுமானால் கிரேன் வேண்டும், அல்லது சினிமாக்காரர்களைப்போல ஹெலிகாப்டர் எடுக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் நம் ஊர்க் கல்யாணங்களுக்கே ஹெலிகேம் வந்துவிட்டது. நாடாரும் நொய்ப்ரோனரும் யாரும் கேட்டு வானத்துக்குப் போகவில்லை. ஆசைப்பட்டார்கள், போனார்கள். ட்ரோன்காரர்களில் பலரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

காசு வந்தால் ஆசை போகுமா?

1971-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி ஒரு சோதனை நடத்தினார். மாணவர்களிடம் கட்டைகளைச் சேர்த்து உருவங்கள் செய்யும் புதிர் விளையாட்டைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு ஒரு கட்டத்தில், விடுவிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் 1 டாலர் கொடுத்தார். பிறகு அந்தப் பணத்தை நிறுத்திவிட்டார். இடையிடையே சில நிமிடங்கள் அவர்களைத் தனியே விட்டு, சும்மா இருக்கும் நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு, பணம் நின்றதும் புதிரின் மேலிருந்த ஆர்வமும் குறைந்திருந்தது. பணமே வாங்காதவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

இதற்காகக் காசு வாங்காமல் வேலை செய்ய முடியுமா? முடியாது. டெசியும் அவருடைய சக ஆய்வாளர் ரிச்சர்ட் ரயனும் பின்னாளில் சொன்னது இதுதான்: ஒரு வேலையில் ஆர்வம் நீடிக்க மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, 'இதை நானாக விரும்பிச் செய்கிறேன்' என்ற உணர்வு. இரண்டு, 'நேற்றைவிட இன்று நன்றாகச் செய்கிறேன்' என்ற உணர்வு. மூன்று, 'எனக்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வு.

இப்போது நம் ஆபரேட்டரைப் பாருங்கள். எந்த ஷாட் என்பதை வாடிக்கையாளர் காட்டும் ரீல்ஸ் முடிவு செய்கிறது. புதிதாகக் கற்க எதுவுமில்லை. பேசவும் ஆளில்லை, தனியாக வந்து தனியாகப் போகிறார். மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன. அலுப்பு வராமல் என்ன செய்யும்?

அலுப்பு எதன் மேல்?

"ட்ரோனைத் தொடவே பிடிக்கலண்ணே" என்பார்கள். நிதானமாகக் கேட்டால், பறக்கவிடுவது பிடிக்காமல் போயிருக்காது. ஒரு கல்யாண வேலையில் ட்ரோன் வானத்தில் இருப்பது ஒரு பேட்டரிக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் என்ன? பயணம், காத்திருப்பு, எடிட்டிங், "அந்தப் பாட்டை மாத்திடுங்க" என்ற போன், "ஆல்பம் வந்ததும் மொத்தமா தர்றேன் தம்பி" என்ற பதில். அலுப்பு பெரும்பாலும் ட்ரோன் மேல் இல்லை, ட்ரோனைச் சுற்றியிருப்பவற்றின் மேல்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய நோட்டு போதும். ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஐந்து விஷயங்களுக்கு ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள்: பறக்கவிட்டது, பயணம், எடிட்டிங், வாடிக்கையாளர் பேச்சு, பண வசூல். மாதக் கடைசியில் எந்த வரிசையில் மதிப்பெண் அடிமட்டத்தில் இருக்கிறதோ, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எடிட்டிங்தான் உயிரை வாங்குகிறது என்றால், எடிட்டிங் தெரிந்த ஒரு நண்பருக்கு அதைக் கொடுத்துவிட்டு, பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். வசூல்தான் பிரச்னை என்றால் அதற்கு வேறு மருந்து.

'ட்ரோன் ஃப்ரீ' என்பது மொய்!

போட்டி அதிகமானதும் எல்லோரும் பிடித்துக்கொண்ட ஆயுதம், 'போட்டோ, வீடியோ பேக்கேஜ் எடுத்தால் ட்ரோன் ஃப்ரீ'. இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ட்ரோன், கூடுதல் பேட்டரிகள், மெமரி கார்டுகள் எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 ஆண்டுகள் உழைக்கும், ஆண்டுக்கு 60 வேலை என்றால் மொத்தம் 180 வேலை. அதாவது, ஒரு வேலைக்கு ட்ரோனின் தேய்மானம் மட்டும் 1,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், ரிப்பேர் ஆண்டுக்கு 18,000 என்றால் ஒரு வேலைக்கு 300. பெட்ரோல் 300. பயணம், காத்திருப்பு, எடிட்டிங் எல்லாம் சேர்த்து 9 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு வெறும் 150 ரூபாய் கூலி போட்டாலும் 1,350. ஆக, லாபமே இல்லாமல் அடக்கவிலை மட்டும் 2,950 ரூபாய்.

'ஃப்ரீ' என்று சொல்லும் ஒவ்வொரு கல்யாணத்திலும் நீங்கள் 2,950 ரூபாய் மொய் வைத்துவிட்டு வருகிறீர்கள். ஆண்டுக்கு 60 கல்யாணத்துக்கு இப்படி மொய் எழுதினால் யாருக்குத்தான் உற்சாகம் இருக்கும்? இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால், "இந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்று சொல்ல வாய் வரும். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நாளில்தான், நம் தொழில் மறுபடி நம் கைக்கு வருகிறது.

வசூலுக்கு மருந்து: பாதித் தொகை முன்பணம், மீதி வீடியோ கையில் கொடுக்கும்போது. எத்தனை முறை பறக்கும், எத்தனை மணி நேரம் இருப்பீர்கள், எந்தத் தேதியில் வீடியோ கிடைக்கும், மழையோ பலத்த காற்றோ வந்தால் என்ன செய்வது... இவை எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் இது இன்னும் அவசியம்!

பயம் போனால் பாதி பாரம் குறையும்

உற்சாகத்தைத் தின்னும் இன்னொரு பூச்சி, பயம். "போலீஸ் வந்தா என்ன சொல்றது?" என்ற எண்ணத்தோடு வானத்தைப் பார்ப்பவருக்கு எப்படி நல்ல ஷாட் கிடைக்கும்? 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள், முன்பிருந்த நடைமுறைகளை நிறையவே எளிமையாக்கின. அடிப்படைகள் இவை:

* எடை: 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. கல்யாணங்களில் நாம் பார்க்கும் பெரும்பாலான ட்ரோன்கள் இந்த இரண்டுக்குள் வந்துவிடும்.

* சான்றிதழ்: மைக்ரோ ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு இயக்கினால், ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். 18 வயது நிரம்பி, 10-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ அங்கீகரித்த பயிற்சி மையத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும்.

* பதிவு: ட்ரோனுக்கும் வண்டி நம்பர்போல ஒரு தனி அடையாள எண் உண்டு. நானோ தவிர மற்றவற்றுக்கு, அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸும் வேண்டும்.

* வானத்தின் நிறம்: பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான். 8 கிலோமீட்டருக்குள் என்றால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். சென்னையில் பல்லாவரம், குரோம்பேட்டை, கிண்டியெல்லாம் இதில் வந்துவிடும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

* திடீர்த் தடை: தலைவர்கள் வருகைபோன்ற காரணங்களுக்காக ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். கல்யாணத்துக்கு முந்தைய நாளே வான் வரைபடத்தையும், உள்ளூர்க் காவல் நிலையத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

விதிகளை மீறினால் 1 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. திருத்தங்கள் அவ்வப்போது வருகின்றன என்பதால், டி.ஜி.சி.ஏ இணையதளத்தை இடைக்கிடை பார்த்துவிடுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுமையாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. புதிது வாங்குபவர்கள் பில், பதிவு இரண்டையும் சரிபார்த்துவிட்டே காசை எடுக்க வேண்டும்.

ஆவணங்களை ஒரு ஃபைலில் போட்டு, ட்ரோன் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் எடுத்து நீட்டலாம். அதைவிடப் பெரிய பலன் ஒன்று இருக்கிறது. "கூட்டத்து தலைக்கு மேலேயே ஓட்டுப்பா" என்று மாப்பிள்ளையின் மாமா அதட்டும்போது, "விதிப்படி அது ஆகாதுங்க மாமா, ஆபத்து" என்று தைரியமாகச் சொல்லலாம்.

வாரம் ஒரு முறை... உங்களுக்காக மட்டும்

வாரத்தில் ஒரு காலை, ஒரே ஒரு பேட்டரி. வாடிக்கையாளர் இல்லை, ரீல்ஸ் இல்லை, காசு இல்லை. 'நானாக விரும்பிச் செய்கிறேன்' என்ற உணர்வைத் திரும்பக் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை. 

எதை எடுப்பது? நம் நிலத்தில் மேலிருந்து பார்த்தால் மட்டுமே புரியும் அழகுகள் ஏராளம். தூத்துக்குடி உப்பளப் பாத்திகள் மேலிருந்து பார்த்தால் கட்டம் போட்ட சேலைபோல இருக்கும். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில், ஓட்டுக்கூரைகளுக்கு நடுவே சதுரம் சதுரமாக முற்றங்கள் திறந்திருப்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. டெல்டாவில் குறுவை நாற்றங்கால்களின் இளம்பச்சை, நடவு முடிந்த வயலின் வரிசைகள், அறுவடைக்குப் பிறகு வாத்து மேய்ப்பவர்கள் ஓட்டிவரும் வாத்துக் கூட்டம். மார்கழி விடிந்ததும் தெருவை அடைத்த கோலங்கள். நிழல் நீளமாக விழும் காலை 7 மணி வெயிலில் ஒரு தென்னந்தோப்பை நேர் மேலே இருந்து எடுத்துப் பாருங்கள். மரத்தைவிட நிழல்தான் மரம்போலத் தெரியும்!

ஒரு கவனம்: சரணாலயங்கள், காடுகள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்கள் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். வீடுகளுக்கு மேலே பறக்கும்போது, மொட்டைமாடியில் துணி காயப்போடுபவருக்கு அது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் பறக்கவிட்டால், அவர்களே வந்து திரையைப் பார்த்து ரசிப்பார்கள்.

இதில் ஒரு படி மேலே போக ஒரு யோசனை. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கண்மாயை மாதம் ஒரு முறை, அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். 12 மாதம், 12 படம். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் தரை, ஐப்பசி மழையில் ஏறும் தண்ணீர், தையில் நிறைந்து நிற்கும் நீர்ப்பரப்பு, ஓரத்தில் ஏறிவரும் ஆகாயத்தாமரையோ கருவேலமோ... எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். மாதம் பத்து நிமிட வேலை. ஆனால் ஓராண்டு முடிவில், உங்கள் ஊரைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத ஒரு பதிவு உங்களிடம் இருக்கும். கிராமசபையில் அதை வைத்துப் பேசலாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நாள்களுக்கு இது அருமையான வேலை.

புது வேலை, புதுப் படிப்பு

இரண்டாவது விஷயம், திறமை வளரும் உணர்வு. அதே ட்ரோனை வைத்துக்கொண்டு போகக்கூடிய வேறு பாதைகளும் இருக்கின்றன.

அவற்றில் முக்கியமானது மேப்பிங். வயலில் ஏர் உழுவதுபோல ட்ரோன் ஒரே உயரத்தில் வரிசை வரிசையாகப் போய்ப் படம் எடுக்கும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு 70-80 சதவிகிதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இப்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை சாஃப்ட்வேர் ஒன்றாகத் தைத்து, அளந்து பார்க்கக்கூடிய ஒரே பெரிய படமாக்கித் தரும். கற்றுக்கொள்வதற்கு 'வெப்ஓடிஎம்' போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள் இருக்கின்றன. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டத்தில், கிராமத்து வீடுகளுக்குச் சொத்து அட்டை கொடுக்க ட்ரோன் மூலம் அளக்கும் வேலை இந்த முறையில்தான் நடந்துவருகிறது.

சின்ன அளவில் இதற்கு யாரெல்லாம் வாடிக்கையாளர்கள்? கட்டடம் கட்டுபவருக்கு மாதாமாதம் வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்டலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஜல்லிக் குவியலின் கன அளவைக் கணக்கிடலாம். சோலார் பண்ணைகளில் வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோன், பழுதான பேனல் எது என்று காட்டிக்கொடுக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா என்று, ஆள் ஏறாமலேயே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் அதே ட்ரோன் போதாது, சிலவற்றுக்கு வேறு கருவி வேண்டும். ஆனால் கட்டட வேலைப் பதிவும் அடிப்படை மேப்பிங்கும் இருக்கிற ட்ரோனிலேயே பழகிப் பார்க்கக்கூடியவை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். நிலத்தின் எல்லையைச் சட்டப்படி சொல்ல வேண்டியவர் சர்வேயர்தான். ட்ரோன் படம் அதற்கு மாற்று ஆகாது.

இந்த வேலைகளில் வேறொரு திருப்தி உண்டு. கல்யாண வீடியோவை எடுத்தவர் யார் என்று யாரும் நினைவில் வைப்பதில்லை. ஆனால், "தம்பி எடுத்த படத்தைப் பாத்துதான் அந்தப் பக்கம் செவுரு எழுப்பலைன்னு தெரிஞ்சுது" என்று ஒருவர் துபாயிலிருந்து போன் செய்தால், அன்றைய அலுப்பு அன்றைக்கே போய்விடும்.

பயிற்சிக்கும் வழி இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகம் ட்ரோன் ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. அங்குள்ள தக்‌ஷா மாணவர் குழுவுக்கு நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்ததும், 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். ட்ரோனுக்காகத் தமிழக அரசே தனியாக ஒரு கழகத்தையும் நடத்திவருகிறது. விவசாயத்துக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்க, மகளிர் சுய உதவிக்குழுக்களுக்கு மத்திய அரசு 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தைக் கொண்டுவந்தது. 15,000 குழுக்கள் என்ற இலக்கோடு, ட்ரோன் விலையில் 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்ச ரூபாய் வரை மானியம் என்பது அதன் ஏற்பாடு. ட்ரோன் என்றால் ஆண்கள் வேலை என்ற நினைப்பு இனி செல்லாது!

தனி மரம் தோப்பாகாது

மூன்றாவது விஷயம், மனிதர்கள். பக்கத்து ஊர் ட்ரோன்காரரைப் போட்டியாளராக மட்டும் பார்க்காதீர்கள். ஒரே முகூர்த்த நாளில் உங்களுக்கு நாலு அழைப்பு வரும்போது மூன்றைக் கைமாற்றிவிட அவர் வேண்டும். கல்யாணத்தன்று காலையில் பேட்டரி வீங்கிப்போனால் ஒன்று கடன் கொடுக்கவும் அவர் வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து மாதம் ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து பேசினாலே, 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் பறந்துவிடும். அடக்கவிலைக்குக் கீழே யாரும் போவதில்லை என்று ஓர் ஊரில் நாலு பேர் நினைத்துவிட்டால், நாலு பேருக்குமே நல்லது.

அரசுப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒரு மணி நேரம் ட்ரோனைக் காட்டி விளக்கிப் பாருங்கள். "அண்ணா, இது எப்படி கீழ விழாம நிக்குது?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல, நீங்கள் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். நாலு இறக்கைகளில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால்தான் ட்ரோன் தானே சுழன்றுவிடாமல் நிற்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்தப் பிள்ளையின் கண்ணில் தெரியும் வியப்பு உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு ட்ரோன்காரர் வந்தால், பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். வெளிச்சம் நன்றாக இருக்கும் காலையிலோ மாலையிலோ ஜோடியை அவரிடம் 20 நிமிடம் விடுங்கள். ரீல்ஸைக் காட்டி 'இதே மாதிரி' என்பதற்குப் பதிலாக, "உங்களுக்கு எது நல்லா வரும்னு தோணுதோ, அதுவும் ஒண்ணு எடுங்க தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுங்கள். கடைசிப் பந்திக்கும் பிறகுதான் கேமராக்காரர்கள் சாப்பிடுவது வழக்கம். நடுவில் யாராவது ஒருவர் போய், "சாப்ட்டீங்களா?" என்று கேளுங்கள். வீடியோ நன்றாக வரும்!

ட்ரோன்காரரின் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்கும் முன்பு, "இன்னிக்கு என்ன எடுத்தீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். எடுத்ததைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால், அவர் அடுத்த முறை வேறு மாதிரி எடுக்கப் பார்ப்பார்.

இறக்கத் தெரிவதும் திறமைதான்

பேட்டரி குறைந்தால் நல்ல ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடும். மனிதருக்கு அந்த வசதி இல்லை. நாமேதான் கவனிக்க வேண்டும். தொடர்ந்த களைப்பு, வேலை மேலே வெறுப்பு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம்... இந்த மூன்றும் சேர்ந்து வருவதை, வேலை தொடர்பான சோர்வுநிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்திருக்கிறது. அது நோய் அல்ல, வேலையின் அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்பதே அதன் விளக்கம். ஓய்வும், மேலே சொன்ன மாற்றங்களும் உதவும். ஆனால் வேலை மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு பேசுவது எதுவுமே பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கணக்கு நோட்டு, புது வேலை, ஓய்வு என எல்லாம் செய்து பார்த்தும் ஆறு மாதத்தில் ஒன்றும் மாறவில்லையா? தொழிலைச் சுருக்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் கழுத்தை நெரிப்பதற்கு முன்பு எடுக்கும் முடிவு அது. ட்ரோனை மட்டும் விற்றுவிடாதீர்கள், முடிந்தால். தவணைக்காகப் பறக்க வேண்டிய கட்டாயம் போன பிறகு, சிலருக்குப் பழைய ஆசை தானாகத் திரும்பிவிடும்.

எதையும் பெரிதாக மாற்றுவதற்கு முன்பு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை. விடிந்ததும் ஒரு பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போங்கள். கூடவே வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் மேலே போனதும் ரிமோட்டின் திரையை அதனிடம் காட்டி, "நம்ம வீடு எங்க இருக்கு, கண்டுபிடி பாப்போம்" என்று சொல்லுங்கள்.